அம்மாவாசையின் வலது செருப்பு

அந்த ஆஸ்பத்திரியில் முதன்முதலில் தாளைவிட்டு இறங்கியது ஒரு சேவல். அதற்கு மூன்று கால். வரைந்தவள் வீராம்பட்டினத்தில் மீன் விற்ற அஞ்சலாட்சி. வாதம் வந்து வலது கை விழுந்துபோய், இடது கையால் போட்டதில் ஒரு கால் கூடிவிட்டது. சேவல் பெண்கள் வார்டில் சிந்திக் கிடந்த இட்லித் துணுக்கைக் கொத்தித் தின்றது, நடையைக் கடந்து எதிரே ஆண்கள் வார்டுக்குள் போனது, டிரிப்ஸ் ஸ்டாண்டின் மேல் ஏறிக் கூவியது. "எச்சம் போட்டுச்சுன்னா நான் அள்ள மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் நர்ஸ் தாமரைச்செல்வி. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், வழியில் கிடக்கும் செருப்புக்கு ஒதுங்குவது போல ஒதுங்கி, அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று புயல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு.

எல்லாவற்றுக்கும் காரணம் சிவசங்கரி. பள்ளிக்கூட டிராயிங் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, செவ்வாய்தோறும் பை நிறைய கிரேயானோடு வார்டுக்கு வருகிறவள். படம் சொல்லித் தர மாட்டாள், விளையாட்டு வைப்பாள். பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். ஒருவர் தலையைப் போட்டு மடித்துக் கொடுக்க, அடுத்தவர் அதைப் பார்க்காமல் உடம்பைப் போட வேண்டும். பிரித்தால் யானைத் தலை வைத்த போலீஸ்காரர் நிற்பார், தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தாளுக்குப் பழைய எக்ஸ்ரே கவர்களைப் பிரித்துக்கொள்வாள். சட்டம் இரண்டே. ரப்பர் கிடையாது. அடுத்தவர் தாளில் யாரும் கை வைக்கக் கூடாது, டீச்சர் உட்பட. எது இறங்கும், எது இறங்காது என்று ஆராய யாருக்கும் நேரமில்லை. ஆனால் வார்டுக்குத் தெரிந்திருந்தது: பயந்து பயந்து போட்டது தாளிலேயே கிடக்கும், தன் இஷ்டத்துக்குப் போட்டது இறங்கிவிடும். அந்த மழைக்காலத்தில் ஒரு நண்டும், உள்ளங்கை அகலத்தில் ஒரு டெம்போவும் இறங்கின. டெம்போ சின்னதுதான், ஹாரன் மட்டும் முழுச் சத்தம்.

ஆண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் அம்மாவாசை. முதலியார்பேட்டைக்காரர், மில் மூடும்வரை தறி ஓட்டியவர், பிறகு ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். சர்க்கரையில் புண் ஆறாமல் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வந்த அன்று போட்டிருந்த தோல் செருப்பு ஜோடி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. "எனக்கு வராது மேடம். என் கையெழுத்தே கோழி கிளறுன மாதிரி இருக்கும்" என்று வாரக்கணக்கில் கிரேயானைத் தொடாமல் இருந்தார். "அப்ப அந்தக் கோழி கிளறுனதையே போடுங்க" என்பாள் சிவசங்கரி. அசையவில்லை. ஆனால் அஞ்சலாட்சியின் சேவல் தன் மூன்றாவது காலால் காதைச் சொறிந்துகொண்டதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த செவ்வாய், டீச்சர் உட்காரும் முன்பே கையை நீட்டினார். "அந்த பிரவுனு கலர் குடுங்க."

அவர் வரைந்தது கால். தன் கால். ஒரே தாளில் ஒரு வாரம் கெண்டைச்சதை, ஒரு வாரம் குதிகால், ஒரு வாரம் தறிக்கட்டை விழுந்து ஏற்பட்ட தழும்பு. சாயங்காலம் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி வசந்தா தலையில் அடித்துக்கொள்வாள். "வரையறதுதான் வரையற, வீட்டு வேல செய்யற மாதிரி ரெண்டு கையும் சேத்துப் போடுய்யா!" அவர் சிரிப்பார், கிரேயானை விட மாட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்ததை வசந்தா அப்போதுதான் பார்த்தாள். விஷயம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை: இந்தக் கால் இறங்கினால் அம்மாவாசை இரண்டு காலால் வீட்டுக்கு நடந்து போவார். வார்டே காத்திருந்தது.

கடைசியாக விரல்கள். அந்தச் செவ்வாய் மத்தியானம் அதையும் போட்டு முடித்துவிட்டு, ஊசி போட்ட அசதியில் அம்மாவாசை தூங்கிப்போனார். நெஞ்சின் மேல் தாள். சிவசங்கரி அருகே போய்ப் பார்த்தாள். எண்ணிப் பார்த்தாள். விரல் ஆறு. மறுபடியும் எண்ணினாள். சேவலுக்கு ஒரு கால் கூடினால் என்ன போயிற்று? இது மனுஷன் ஆயுசுக்கும் ஊன்றி நடக்க வேண்டிய கால். பாவம், அவசரத்தில் தப்பாக எண்ணிவிட்டார். எழுப்பிச் சொன்னால் மனசு உடைந்துபோவார். கட்டிலுக்கு அடியில் வலது செருப்பு கிடந்தது. அதன் வாரில், சுண்டுவிரல் பக்கம், பிளேடால் ஒரு கீறல். மாதக்கணக்காக அவள் பார்க்கும் செருப்புதான். ஏன் அந்தக் கீறல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. "தாமர, ஒரு ரப்பர் குடேன்" என்றாள். தாமரைச்செல்வி அவளை ஒரு மாதிரி பார்த்தாள், கொடுத்தாள். சுண்டுவிரலை ஒட்டி நின்ற அந்தக் குட்டி விரலை சிவசங்கரி அழித்தாள். பதமாக, தடம் தெரியாமல். பழகிய கை.

சாயங்காலம் அம்மாவாசை கண் விழித்தபோது கால் இறங்கி, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நல்ல கால். பிரவுன் நிறம், தழும்பு, நகம் வரைக்கும் குறையில்லை. வசந்தா கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மாவாசை குனிந்து பாதத்தைத் தடவினார். விரல் விரலாகத் தடவி ஓரத்துக்கு வந்தார், அங்கே கை நின்றுவிட்டது.

"இது யாரு காலு மேடம்?"

"உங்க கால்தாங்க... நீங்கதானே வரஞ்சீங்க?"

"என் கால்ல ஆறு வெரலு."

வசந்தாதான் விளக்கினாள். பிறவியிலேயே அப்படி. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது காலை மடக்கி உட்கார்ந்து மறைத்தாராம். "செருப்பெல்லாம் இவரே அறுத்துப்பாரும்மா." சிவசங்கரி கையிலிருந்த ரப்பரைக் காட்டி, அழித்தது தான்தான் என்று சொல்ல வந்தாள். அம்மாவாசையே முந்திக்கொண்டார். "பரவால்ல மேடம். நீங்க படிச்சவங்க. சரியாத்தான் பண்ணியிருப்பீங்க." அதைவிடக் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். காலை முட்டியோடு வைத்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. அது கொஞ்ச நேரம் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது போல நின்றது, பிறகு தத்தித் தத்திப் படி இறங்கி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் தடுக்கவில்லை; டிஸ்சார்ஜ் ஆனது என்று நினைத்துக்கொண்டார்.

சிவசங்கரி கெஞ்சி, மறுபடி வரையச் சொன்னாள். தட்டாமல் வரைந்தார். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "சரியா மேடம்?" ஆறு விரலும் போட்டார், அதற்கும் "சரியா மேடம்?" என்றார். அந்தப் படங்கள் ஒன்றுகூட இறங்கவில்லை. பக்கத்துக் கட்டில்களிலும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. சேவல் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் போனது போனதுதான்.

வருஷங்கள் ஓடின. அம்மாவாசைக்கு முகாமில் கட்டைக்கால் கொடுத்தார்கள். அதில் விரலே இல்லை. அஞ்சலாட்சி ஒரு தை மாதம் இறந்துபோனாள். சிவசங்கரி இன்னும் செவ்வாய்தோறும் வருகிறாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கட்டிலருகே நிற்கிறாள். கேட்டைத் தாண்டிப் போன அந்தக் கால் பீச் ரோட்டில் இருக்கிறது. காலையில் வாக்கிங் போகிறவர்கள் அதற்கு வழி விடுகிறார்கள், சிவப்புத் தொப்பி போலீஸ் அதற்காக விசில் ஊதி வண்டியை நிறுத்துகிறது, மாசி மகத்தன்று கூட்டத்தில் யாரும் அதை மிதிப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரி அதன் முன்னால் மண்டியிட்டு, பிரவுன் கிரேயானால் ஆறாவது விரலைப் போட்டுப் பார்த்தாள். அடித்த சாரலில் அழிந்துபோனது. திட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவாசை சொன்னார்: "விடுங்க மேடம். நல்ல காலுதான். என்னுது இல்ல, அவ்ளோதான்."

சாயங்காலமானால் அவர் டெம்போ பிடித்து அங்கே வந்துவிடுகிறார். கட்டைக்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைக்கிறார். கால் தத்தி வந்து, முட்டிக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. இருவரும் கடலைப் பார்க்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவர் செருப்புக்கடைக்குப் போய் ஜோடியாகவே வாங்குகிறார். கடைக்காரர் எதுவும் கேட்பதில்லை. இடதை அவர் போட்டுக்கொள்கிறார். வலதை அதற்குப் போட்டுவிடுகிறார். அதன் வாரை அவர் அறுப்பதில்லை.