கன்றுக்கு வைத்த மருந்து

“வாப்பா, இதுட குட்டிகளுக்கு இனி ஆரு இரை குடுப்பா?”

சிறுவயதில் இல்ஹாம் அப்படிக் கேட்டபோது, ஓட்டமாவடிக்கு மேற்கே காட்டோரத்து மாட்டுப்பட்டியருகில் ஒரு பெண் சிறுத்தை வாயில் நுரையோடு கிடந்தது. அது அடித்த கன்றின் இறைச்சியில் வயலுக்கடிக்கும் மருந்தைத் தடவியவர் வாப்பாதான்.

அதன்பின் அந்தப் பக்கம் சிறுத்தையின் தடமே இல்லாமல் போனது. மானுக்குக் கட்டிய சுருக்குக் கம்பிகளும், வயல்வட்டைக்காக வெட்டிய காடும் மிச்சத்தை முடித்துவைத்தன. பன்றி பெருகி வயலைக் கிளறியபோது ஊரே ஏசியது. வாப்பா மட்டும் ஏசாமல், இடிந்த வரம்பை மண் போட்டுக் கட்டினார்.

இன்று அவரைக் குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தூக்குமுன் இறந்தவரின் மூத்த மகன் கூடியிருப்பவர்களிடம் கேட்பது வழக்கம். இல்ஹாம் எழுந்து நின்றான்.

“எங்கட வாப்பா ஆருக்கும் கடன்பட்டிருந்தா என்னட்டச் சொல்லுங்க, நான் பொறுப்பு. நோவினை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்குங்க.”

“அவரு ஒரு உசிருக்கும் நோவினை செய்யாத மனிசன்” என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் ஓம் என்றார்கள். இல்ஹாம் அப்படியே நின்றுகொண்டிருந்தான். யாரோ தோளைத் தொட்ட பிறகுதான் சந்தூக்கின் காலைப் பிடித்தான்.

அடக்கிவிட்டுத் திரும்பும்போது தங்கையின் கணவன் றிஸ்லான் பக்கத்தில் வந்தான். பட்டியை இப்போது பார்ப்பவன் அவன்தான்.

“மச்சான், இந்த நேரத்தில சொல்லப்படாதுதான். விடியக்காலம் ஒரு கண்டுக்குட்டிய அடிச்சுப் போட்டிருக்கு. காலடி பாத்தன். சிறுத்ததான்.”

இல்ஹாம் நடையை நிறுத்தினான்.

“தின்ன திரும்பி வரும்தானே. மருந்து தடவிட்டுத்தான் வந்தன். மாமா இருந்தா அவரே செஞ்சிருப்பாரு.”

“ஒருக்காச் செஞ்சவருதான், மச்சான். இன்னொருக்காச் செஞ்சிருக்க மாட்டாரு.”

இல்ஹாம் கன்று எங்கே கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டான். வீட்டில் ஆட்கள் கூடியிருக்க, தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு, மண்வெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டான்.

குளக்கட்டுக்குக் கீழே, ஈகூட ஒட்டாமல், மருந்து நெடியோடு கன்று கிடந்தது. சிறுத்தை இன்னும் திரும்பியிருக்கவில்லை. இல்ஹாம் இடுப்பளவு குழி வெட்டி, கன்றை இழுத்துப் போட்டு, மண்ணை மூடி மிதித்தான். எதுவும் தோண்டாதபடி மேலே முள் வெட்டிப் பரப்பினான். குளத்தில் விஷம் கலந்துவிடக் கூடாதென்று, கேனில் தண்ணீர் மொண்டு தூரப் போய்க் கை கழுவினான்.

பொழுது இறங்கியது. வுழூச் செய்து மஃரிபுத் தொழுகைக்கு மேற்கே கிப்லாவை நோக்கி நின்றான். காடும் அந்தத் திசையில்தான் இருந்தது.

காட்டோரம் சருகு மிதிபட, பின்னால் பட்டியில் மாடுகள் சட்டென்று எழுந்து காதை விறைத்தன. இல்ஹாம் ஓதலை நிறுத்தவில்லை. அவன் ஸுஜூதிலிருந்து தலை தூக்கியபோது, அவை ஒவ்வொன்றாக மறுபடி படுத்துக்கொண்டிருந்தன.