போனால் ஒன்று, வந்தால் ஒன்று

சாலையோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, இரு பக்கமும் போகிற வருகிற வண்டிகளை எண்ணுவது அவள் வேலை. கையிலிருக்கும் எண்ணும் கருவியில் வண்டிக்கு ஒரு அழுத்து. பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. எதிர்ச்சாரி மாடியில்தான் அவள் வீடு. பக்கவாதத்தில் விழுந்த அப்பா ஜன்னலோரக் கட்டிலில் கிடப்பது இங்கிருந்தே தெரியும்.

நாலு மாதத்துக்கு முன் சாலை நடுவே சுவர் எழுப்பி, வண்டி திரும்புகிற இடைவெளிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். எதிர்ப்பக்கம் போக வேண்டியவன் மூன்று கிலோமீட்டர் போய்ச் சுற்றி வர வேண்டும். நெரிசலில் அரைமணி நேரம். வேன் ஓட்டும் அண்ணன் செக்குமாடாகிப் போனான். அவளைக் கடந்து போவான், பிறகு அதே மூஞ்சியோடு எதிர்ச்சாரியில் திரும்பி வருவான். அவளும் இரண்டு அழுத்து அழுத்துவாள்.

"ஒரு வாரம் வந்த டீசல் இப்ப நாலு நாளைக்குக்கூட வரமாட்டேங்குது. வேன் ஓட்டுறேனா, புகை விக்கிறேனான்னே தெரியல," என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு மாதமாக அவள் கணக்கு ஏறிக்கொண்டே போனது வண்டிகள் பெருகியதால் அல்ல. ஒரே வண்டியை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளை வேலைக்கு வைத்த சாலைத்துறை அலுவலகத்தில் வரைபடமும் அளவுகோலுமாக வாழ்கிறவருக்கு ஸ்கேல் சார் என்று பெயர். போக்குவரத்து இரட்டிப்பாகிவிட்டதாம், மிச்சமிருந்த ஒரே இடைவெளியையும் அடைக்கப்போகிறாராம். அது தீயணைப்பு நிலையத்து வாசலுக்கு நேரே, தீயணைப்பு வண்டி மட்டும் திரும்புவதற்காக விட்டுவைத்தது. அவள் திக்கித்திணறி விஷயத்தைச் சொன்னாள்.

"நீ வண்டிய மட்டும் எண்ணும்மா. மத்தத நாங்க பாத்துக்கறோம்," என்றார். பெட்ரோல் பங்குகளில் விற்பனை கூடியதையும் வளர்ச்சி என்றே எழுதி வைத்திருந்தார், மகராசன்.

வெள்ளிக்கிழமை அதையும் அடைத்தார்கள். அன்றிலிருந்து அவள் வண்டிகளைவிட எதிர்ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பகலில் அவள் வீட்டு மாடிக்குக் கீழே இருந்த கடையிலிருந்து கரும்புகை எழுந்தது. சற்று நேரத்தில் சைரன் கேட்டது. தீயணைப்பு வண்டி அவள் பக்கத்துச் சாரியில் ஊர்ந்து வந்தது. அதிலிருந்த அத்தனை பேரும் எதிர்மாடியையே பார்த்தபடி அவளைக் கடந்து போனார்கள். வண்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் மூன்று கிலோமீட்டர் போய்த்தான் திரும்ப வேண்டும்.

பழக்கதோஷம், கட்டைவிரல் ஒரு முறை அழுத்திவிட்டது.

கருவியை வீசிவிட்டு, சுவரேறிக் குதித்து, வண்டிகளுக்கிடையில் ஓடினாள். படிக்கட்டு முழுக்கப் புகை.

"அப்பா, வண்டி வருதுப்பா," என்று கத்திக்கொண்டே ஏறினாள். சைரன் சத்தம் நெருங்கவில்லை. தேய்ந்து தேய்ந்து தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.