நகராத புள்ளி

விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஆன்டெனாவின் கடைசித் திருகாணியை அவள் முறுக்கிக்கொண்டிருந்தபோது, தம்பியின் பூட்ஸ் இரண்டும் தலைமாட்டில் வந்து நின்றன. ஒரு கால் தாளம் போட்டது. அவன் எப்போதும் சூரியன் தலைகாட்டும் முன்பே வயல்களுக்கு மேலே பறந்து மருந்து அடித்து முடித்துவிடுகிறவன். இன்று அக்கா விட்டால்தான் கிளம்ப முடியும்.

எல்லோரும் "பெட்டி" என்று சொன்ன அந்தக் கருவியை அந்த விமானத் திடலில் இருந்த ஒன்பது சிறு விமானங்களுக்கும் மாட்டுவது அவள் வேலை. அதனால் அவளுக்குப் பெட்டிக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. விமானம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில், என்ன வேகத்தில் என்று பெட்டி நொடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே இருக்கும். மற்ற விமானங்கள் அதைக் கேட்டு விலகிக்கொள்ளும். கீழே இருப்பவர்கள் திரையில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். எட்டு விமானங்கள் முடிந்திருந்தன. ஒன்பதாவது தம்பியுடையது. மூன்று மாதமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். வயல்காரர்கள் அவனைத் தும்பி என்பார்கள். பயிரின் தலையைத் தடவுகிற மாதிரி அவ்வளவு தாழப் பறப்பான்.

கடைசியில் அவனை மடக்கியது அம்மாதான். அவன் ஏறிப்போனால் திரும்பி வரும்வரை அவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. ஊரான் பிள்ளைக்கெல்லாம் மாட்டுகிறாயே, கூடப் பிறந்தவனுக்கு மாட்ட மாட்டாயா என்று மகளை நச்சரித்தாள். பெட்டி இல்லாமல் ஏறினால் வீட்டுப் படி மிதிக்காதே என்று மகனிடம் சொல்லிவிட்டாள். வீடு அந்த வயல்களின் ஓரத்தில்தான் இருந்தது. தாழப் பறந்தாலும் தெரியட்டும் என்று மகள் போன வாரம் மொட்டை மாடியில் சின்னதாக ஒரு ரிசீவர் வைத்து, அம்மாவின் போனில் புள்ளியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

சோதனை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள் கிழக்கே வெளுத்து, சூரியனின் விளிம்பு மேலே வந்துவிட்டது. தம்பியின் கண்கள் சிவந்திருந்தன. நாலு நாளாகத் தொடர்ந்து பறக்கிறான். தூங்கினாயா என்று கேட்டாள். தூங்கினேன் என்றான். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தாள். வயல்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார் என்று அவன் முந்திக்கொண்டான்.

"இனிமே நான் எங்க தும்முனாலும் அம்மாவுக்குத் தெரிஞ்சிடும், இல்லக்கா?"

"தெரியட்டும். இன்னொரு விமானம் கிட்ட வந்தா உனக்கும் தெரியும்."

"விமானம் சரி. கரண்டு கம்பி?"

"கம்பி எப்படிடா சொல்லும்? அதை நீதான் கண்ணால பாக்கணும்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விமானம் கிளம்பியதும் கொட்டகைக்குள் வந்து திரையின் முன் உட்கார்ந்தாள். புள்ளி வயலை அடைந்து, போவதும் திரும்புவதுமாக இருந்தது. அம்மா போனில் வந்தாள். தையல் மிஷினில் துணி ஓட்டுகிற மாதிரி போய்ப் போய் வருகிறான் என்று குழந்தை மாதிரி மகிழ்ந்தாள். கிழக்கே பார்த்துப் போகும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு வெயில் நேரே கண்ணில் குத்தும் என்பது மகளின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் அடுக்கப் போனாள்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி போன் அடித்தது.

"ஏண்டி, தம்பி இறங்கிட்டானா? ஒரே இடத்துல நிக்கிறான்."

அவள் திரையைப் பார்த்தாள். புள்ளி வயலின் நடுவில் இருந்தது. வேகம் சைபர். உயரம், தரையின் உயரம். அங்கே இறங்க இடம் கிடையாது. ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம்.

"இறங்கியிருப்பான்மா. மருந்துக் குழாய் அடைச்சிருக்கும்."

"அதானே பாத்தேன். நல்லவேளை உன் பெட்டி இருக்கு. இல்லாட்டி நான் பதறிப் போயிருப்பேன்."

போனை வைத்ததும் ஓடிப்போய்த் திடலின் தீயணைப்பு வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தன் போனில் புள்ளியைப் பார்த்து வழி சொன்னாள். தேட வேண்டியிருக்கவில்லை. சோளத்தைச் சாய்த்துக்கொண்டு வண்டி நேரே அங்கே போய் நின்றது. இது இல்லாவிட்டால் அரை நாள் அலைந்திருப்போம் என்றார் தீயணைப்புக்காரர், நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுபோல.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி அறுந்து கிடந்தது. விமானம் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. வயிறு மேலே. அவள் விடியலில் முறுக்கிய ஆன்டெனா ஒரு கீறல்கூட இல்லாமல் வானத்தைப் பார்த்து நின்றது. தம்பி பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். தீயணைப்புக்காரர் உள்ளே தவழ்ந்து போய் அவன் கழுத்தில் விரல் வைத்தார். விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபின் அவளைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினார். அவள் கையை நீட்டி, கையுறையோடு இருந்த தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்தது.

எங்கோ பெட்ரோல் சொட்டும் சத்தம் கேட்டது.

"பேட்டரியைக் கழட்டிடணும்மா. ஒரு பொறி போதும். எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

தெரியும். இறக்கைக்குப் பின்னால், சின்ன மூடிக்குள். மூடியைத் திறந்து ஸ்பேனரை வைத்தாள். கை நின்றுவிட்டது. இதைக் கழற்றினால் பெட்டி வாயடைத்துப் போகும். அம்மாவின் போனில் புள்ளி இருக்காது. முதலில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? இன்னும் குழாய் அடைப்பு என்றா?

"சீக்கிரம்மா," என்றார் அவர், மெதுவாக.

அவள் திருகினாள். பேட்டரி வயரை இழுத்து மடக்கினாள். உள்ளே பச்சை விளக்கு அணைந்தது.

சட்டைப்பையில் இருந்த போன் இப்போது அடிக்கும் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை. பெல்ட்டை அறுத்து அவனை இறக்கினார்கள். அடிக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, தாளில் நேரத்தை எழுதினார். அப்போதும் அடிக்கவில்லை. அது அடித்திருந்தால்கூடத் தேவலை போல இருந்தது அவளுக்கு.

வண்டியில் ஏறச் சொன்னார்கள். நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வரப்பைப் பிடித்து நடந்தால் பத்து நிமிடம். சோளத்தைத் தாண்டியதும் வீட்டின் கதவு விரியத் திறந்திருப்பது தெரிந்தது. வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே போகிறவள் மாதிரி வேறு புடவை கட்டி, செருப்பும் மாட்டியிருந்தாள். மடியில் போன் கவிழ்ந்து கிடந்தது. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

மகளின் கையில் இருந்த கிரீஸையும், சட்டையில் ஒட்டியிருந்த சோளத் தூசியையும் பார்த்தாள். படியில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.