கூப்பிடும் கீ

நாலு வருஷம் முன்பு பக்கவாதம் வந்து வாயும் வலக்கையும் போன புருஷனுக்கு இடக்கையில் இரண்டு விரல்தான் மிச்சம். அந்த விரல்களால் கம்ப்யூட்டரில் தட்டுவதுதான் அவன் பேச்சு. கன்ட்ரோலையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால், பத்து நிமிஷ நடையில் இருக்கும் ஆபீசில் அவள் போன் அடிக்கும். விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவாள்.

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கொழுந்தன் வேறொன்று கொண்டுவந்து வைத்தான்.

"இது வேற சிஸ்டம் அண்ணி. பழைய ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யாது. நீங்கதான் மாத்திக் குடுக்கணும்."

"ஆபீஸ்ல நாள் பூரா எனக்கு அதானே பொழப்பு," என்றாள்.

உண்மைதான். ஆளுக்கொரு சிஸ்டம் வைத்திருக்கும் ஆபீசில், யார் விரலும் தடுமாறாதபடி கீகளை மாற்றிக் கொடுப்பவள் அவள். கெட்டிக்காரி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தன் விரல் பழக்கத்தை வைத்தே ஒவ்வொன்றாக மாற்றினாள்: சேமிக்க, அழிக்க, எழுத்தைப் பெரிதாக்க. அவன் எழுதிப் பார்த்தான்: "மேனேஜரம்மா, டீ வருமா?" சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "தலகாணி நழுவிடுச்சு, ஃபேன் சத்தம் போடுதுன்னு சும்மா சும்மா கூப்பிடாதீங்க. ஆபீஸ்ல ஒரு மாதிரி பாக்கறாங்க."

அவன் தலையாட்டினான்.

அன்று போன் அடிக்கவே இல்லை. பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று அவளுக்கு மனசு லேசாகிப்போனது. பாவி, மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடவும் செய்தாள்.

நாலு மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது அவன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தான். கை சில்லிட்டிருந்தது. திரையில் ஒரே வரி: "சும்மா கூப்பிடல".

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கொழுந்தன் சுவரோரம் நின்று அழுதான். "அண்ணன் உங்களக் கூப்பிடவே இல்லையா அண்ணி?"

அவள் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கி என்ன புண்ணியம்? எல்லாக் கீயையும் தன் விரலைக் கேட்டுத்தானே மாற்றினாள். கூப்பிடும் கீயை மட்டும் அவள் விரல் நாலு வருஷத்தில் ஒருமுறைகூட அழுத்தியதில்லை. கூப்பிடுகிறவன் அவன், ஓடி வருகிறவள் அவள்.

இப்போது கன்ட்ரோலையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினாள். திரையின் மூலையில் தமிழ் போய் ஆங்கிலம் வந்தது. மறுபடி அழுத்தினாள், தமிழ் வந்தது. தோளில் தொங்கிய பைக்குள் போன் சும்மா கிடந்தது.