பல்வலியும் பத்து நாள் புத்தகமும்

1998 மார்ச். பழவங்காடி புத்தகக்கடைப் பிச்சைக்கனி மூன்று தத்துவப் புத்தகங்களை எங்கள் கல்லூரித் துறையில் பார்வைக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று சொற்களின் பொருளைப் பற்றி, ஒன்று மனத்தைப் பற்றி, இன்னொன்று இருப்பைப் பற்றி. பத்து நாள் படித்துப் பார்த்து ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் கசங்காமல் திருப்ப வேண்டும். துறைத்தலைவர் ரத்னாபாய் டீச்சர் இருப்பைப் பற்றியதைத்தான் வாங்குவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில்தான் அவர் டாக்டர் பட்டம் வாங்கினார்.

நான் தற்காலிக விரிவுரையாளன். ஜூனில் மறுபடி வேலை உண்டா என்பது டீச்சர் கையில். போன வருடம் நூலகப் புத்தகத்தில் பக்கத்தை மடக்கி வைத்த ஒருத்தரை அவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. இதெல்லாம் தெரிந்தும் என் புத்தி இருக்கிறதே! மனத்தைப் பற்றிய புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். வலி என்பது மூளையின் வேலையைத் தவிர வேறொன்றுமில்லை என்று ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதிவிட்டேன்: "இந்த மனுஷனுக்குப் பல்வலி வந்ததே இல்லையா?"

மையில், அதுவும் தமிழில். துறையில் மற்றவர்கள் எல்லாம் மலையாளிகள்; தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் நானும் டீச்சரும் மட்டும்தான். ரப்பரால் தேய்த்ததில் எழுத்து போகவில்லை, தாள்தான் மெலிந்தது.

பத்தாம் நாள் டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

"இது யாருக்க எழுத்து, சாம்பசிவம்?"

"என்னோடதாக்கும் டீச்சர். தெரியாம..."

"தெரியாம எழுதினதா, அடுத்த பக்கம் வாசிக்காம எழுதினதா?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் வரியை இன்னொரு முறை படித்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி அதற்குக் கீழேயே அழுத்தி எழுதினார்: "வந்திருக்கும். வலித்ததால்தான் யோசித்திருக்கிறார். அடுத்த பக்கம் பார்."

எழுதி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நாலு மணிக்குப் பிச்சைக்கனி வந்தார். டீச்சர் மற்ற இரண்டையும் அவர் பக்கம் தள்ளினார். இருப்பைப் பற்றியதைத் தள்ளும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

"மனசைப் பத்தினது எடுத்தாச்சு. அதுல எழுத்து கெடக்கு, திருப்ப ஒக்காது."

யாருடைய எழுத்து என்று பிச்சைக்கனி கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவர் போனதும் டீச்சர் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"கொண்டு போ. வாசிச்சு, எனக்க எழுத்துக்குக் கீழ பதில் எழுது. ஜூனில வரும்போ நான் பாக்கணும், கேட்டியா."

"ஜூனிலயா, டீச்சர்?"

"பின்னே, பல்வலின்னு லீவு எடுக்கப் போறியா?" என்றார்.