பொன்னுத்தாயிக்கு ஆதாரம் இல்லை

எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் யாரால் வந்தது என்று இணையக் கலைக்களஞ்சியத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் கட்சித் தலைவர் சேவுகப்பெருமாள் முயற்சியால் வந்தது என்று எழுதுவார். இன்னொருவர் அதை அழித்துவிட்டுத் தன் கட்சியின் பழைய அமைச்சர் பேரைப் போடுவார். இரண்டு பேருக்கும் ஆதாரம் அவரவர் தலைவரின் பிறந்தநாள் மலர். தலைவரைப் புகழவென்றே அச்சடித்த மலரில் வேறு என்ன இருக்கும்?

பள்ளிக்கூடம் கேட்டுச் சிவகங்கை ரோட்டை மறித்தது என் அம்மா பொன்னுத்தாயி. கூட மீனம்மாளும் ஊர்ப் பெண்களும். போலீஸ் வேனில் அள்ளிக்கொண்டு போனார்கள். சேவுகப்பெருமாள் அன்றைக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதை நான் எழுதினேன். டீ ஆறுவதற்குள் தூக்கிவிட்டார்கள். நம்பத்தகுந்த ஆதாரம் இல்லையாம். அன்றைய செய்தித்தாளில் 'பெண்கள் மறியல்' என்று மட்டும்தான் இருந்தது, பேர் இல்லை. அம்மா உயிரோடுதான் இருக்கிறாள், கேட்டுப் பாருங்கள் என்றேன். அம்மா ஆதாரம் ஆகமாட்டாள். அம்மா சொன்னதைப் பத்திரிகை போட்டால் அது ஆதாரம் என்றார்கள். மகள் என்பதால் நான் நடுநிலை இல்லை என்றும் ஒரு குட்டு. சொன்னது யார்? பிறந்தநாள் மலர் ஆசாமிகளில் ஒருவர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்திரிகைதானே வேண்டும் என்று, காரைக்குடிக்குப் புதிதாக வந்திருந்த நிருபர் ஹரீஷைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு வரவழைத்தேன். அம்மா முதலில் மாட்டேன் என்றாள். செத்துப்போன மீனம்மாள் பேரும் வரும் என்றதும் ஒத்துக்கொண்டாள்.

ஹரீஷ் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், எப்படித்தான் மூக்கு வேர்த்ததோ, சேவுகப்பெருமாள் பொன்னாடையோடு வந்து இறங்கினார். அம்மாவுக்குப் போர்த்திவிட்டு, "நல்லா இருக்கீகளாக்கா? நம்ம பள்ளிக்கூடமெல்லாம் எப்படி நடக்குது?" என்றார்.

"எல்லாம் உங்க புண்ணியத்துல நல்லா நடக்குது தம்பி. உக்காருங்க, காப்பி போடுறேன்."

'உங்க புண்ணியத்துல' என்பது வீட்டுக்கு வந்தவரிடம் எங்கள் பக்கம் யாரும் சொல்கிற வார்த்தை. மழை பெய்ததா என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வோம். ஹரீஷ் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டான்.

அவர் காப்பி குடித்துவிட்டுப் போனதும், மறியல் கதையை அம்மா ஹரீஷிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பேப்பரில் வந்த தலைப்போ, 'பள்ளி வந்தது சேவுகப்பெருமாள் புண்ணியத்தில்: போராடிய பெண் நெகிழ்ச்சி.' மறியலுக்கு ஒரு வரி. மீனம்மாளுக்கு அதுவும் இல்லை. அன்று மாலையே அது கலைக்களஞ்சியத்தில் ஏறிவிட்டது. போராடியவரே சொல்லிவிட்டாரே என்று அமைச்சர் கட்சிக்காரரும் அடங்கிவிட்டார்.

அம்மாவிடம் கத்தித் தீர்த்தேன்.

"வீட்டுக்கு வந்த மனுசன்கிட்ட வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? மீனம்மா பேரு வந்துச்சா, அதச் சொல்லு."

இல்லை என்றேன். சேவுகப்பெருமாளுக்குப் போன் போடச் சொன்னாள்.

"ஏந் தம்பி, எங்கள வேன்ல ஏத்துனப்ப நீங்க எங்குட்டு இருந்தீக? மீனம்மா எங்கூட இருந்தா. அவ பேரு எங்க?"

அவர் கோபப்படவே இல்லை. "என்னக்கா, நீங்க சொன்னதத்தானே பேப்பர்ல போட்டிருக்காக? நானா எழுதுனேன்?"

அம்மா போனை என்னிடம் நீட்டினாள்.

"நான் அப்படியா சொன்னேன், சத்தியா?"

சொன்னாள்தான்.