ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

தேன்குரலான் என்று அவனுக்குப் பெயர் வைத்தது நாத்தனார்தான். அவன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன். முகத்தை இவர்கள் பார்த்ததே இல்லை. போனில் பேசினால் காதில் தேன் ஊற்றின மாதிரி இருக்கும். அந்தப் பாவி வயிற்றில் என்ன வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்திய டிசைன் ஆபீஸ் அது. ஒரே அறை, எதிரெதிரே இரண்டு மேசை. சோப்பு உறை, மருந்துப் பெட்டி, பாட்டில் லேபிள் என்று வரைந்து கொடுக்கிற தொழில். ஊரில் அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையுமாகத் திரிய, இவர்கள் ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காது வைத்துப் பாட்டுக் கேட்பார்கள். கண் பட்டுவிடப் போகிறது என்று அண்ணியின் வீட்டுக்காரர் கேலி செய்வார். பட்டது.

இன்டர்நெட் செத்து வேலை கெட்டால் நஷ்டஈடு தருகிற பாலிசி ஒன்றைத் தேன்குரலான் விற்றான். தொடர்ச்சியாக எட்டு மணி நேரம் லைன் செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை என்றான். லைன் இல்லாவிட்டால் டிசைன் ஆபீசுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

ஒரு சோப்புக் கம்பெனி தன் உறைகளை எல்லாம் புதிதாக மாற்ற நினைத்தது. சாயங்காலம் முதலாளிகளுக்குக் காட்ட வேண்டும். நாத்தனார் காலையிலேயே அங்கே போய்த் திரையும் கம்ப்யூட்டருமாகக் காத்திருந்தாள். அண்ணி கடைசித் திருத்தம் முடித்து அனுப்பப் போகிற நேரத்தில் லைன் படுத்துவிட்டது. போனில் பேச முடிந்ததே தவிர, அதில் ஒரு சின்னப் படம்கூட நகரவில்லை.

அண்ணி தயங்கவில்லை. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக் கைப்பையில் போட்டாள், செருப்பையும் மாட்டிவிட்டாள். போகிற போக்கில் இன்சூரன்ஸுக்கும் சொல்லிவைப்போம் என்று ஒரு போன் போட்டாள் பாருங்கள், அங்கேதான் சனியன் பிடித்தது.

"ஐயோ மேடம், இடத்த விட்டு நகராதீங்க! நீங்க நகர்ந்தா கிளெய்ம் போச்சு. ரவுட்டர ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. வந்தாலும் வந்துடும்."

செருப்பைக் கழற்றினாள். ஆஃப் பண்ணினாள், ஆன் பண்ணினாள். வரவில்லை. அவனே திரும்பக் கூப்பிட்டான். "வந்துச்சா மேடம்? இன்னும் ஒரு தடவை பண்ணிப் பாருங்களேன்." இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று பொழுதே போயிற்று. அங்கே நாத்தனார் வெறும் திரைக்கு முன்னால் நின்று அசடு வழிந்தாள். முதலாளிகளில் ஒருவர், "இதான் உங்க டிசைனா? வெள்ளை நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி எழுந்து போனாராம்.

கிளெய்ம் கேட்டபோது அதே தேன் ஒழுகியது. "மேடம், நீங்களே ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணியிருக்கீங்க. ஆஃப் பண்ணா கணக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். தொடர்ச்சியா எட்டு மணி நேரம் வரலியே?"

"நீங்கதானே ஆஃப் பண்ணச் சொன்னீங்க!"

"நானா? நான் எப்ப மேடம் சொன்னேன்?"

நாத்தனாரும் விசாரித்தாள். 'உங்க அண்ணி பதட்டத்துல எதையோ நோண்டிக்கிட்டே இருந்தாங்க போல' என்று அவளிடம் நைசாகச் சொல்லியிருக்கிறான். அவளும் நம்பிவிட்டாள். "தப்பு பண்ணா ஒத்துக்கங்க அண்ணி. பழிய முகந்தெரியாத ஒருத்தன் மேல போடாதீங்க. பென் டிரைவத் தூக்கிட்டு ஓடி வந்திருந்தா போதுமே!" என்றவள், வேறு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் அண்ணனிடம் மட்டும் பேசுவாள்.

போனது போகட்டும், சோப்புக் கம்பெனி போனால் ஒரு சீப்புக் கம்பெனி. ஆனால் பொய்க்காரி என்ற பெயரை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? 'உன் வாயாலேயே அவகிட்ட உண்மையச் சொல்ல வைக்கலன்னா நான் மனுஷி இல்லடா' என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சபதம் போட்டாள்.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது. அந்த இன்சூரன்ஸ் கம்பெனி பெரிய கட்டடம் கட்டி, முன்சுவர் முழுக்க ஒட்டுவதற்குப் படம் கேட்டு ஓர் அச்சகத்துக்கு வேலை கொடுத்தது. அச்சகக்காரரின் கிளெய்மையும் அதே வாய்தான் விழுங்கியிருந்தது. இவள் கதையும் தெரிந்தவர், நேரே அண்ணியிடம் வந்து அந்தப் பட வேலையைக் கொடுத்து, "சுவரு பெருசும்மா. ஃபைலும் யானை கனம் இருக்கும். திறப்பு விழாவுக்குப் பொறுப்பு யாரு தெரியுமா?" என்று சிரித்தார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். முழு ஃபைலைத் தேன்குரலான் தன் ஆபீசில் திறந்து பார்த்துச் சரி சொன்னால்தான் அச்சு ஓடும்; அது அவர்கள் கம்பெனி வைத்த விதி. அண்ணி காலையிலேயே ஃபைலை ஏற்றி அவனுக்கு லிங்க் அனுப்பினாள். பிறகு நாத்தனாருக்கு ஒரு செய்தி: 'ஆபீஸ் சாவி உன்கிட்டயே இருக்கு. குடுத்துட்டுப் போ.'

நாத்தனார் வந்தாள். சாவியை மேசையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டிசைனர் மேடமா? ஃபைல் ஆமை மாதிரி இறங்குது மேடம். என்ன பண்றது?"

கிளம்பப்போன நாத்தனார் அந்தக் குரலைக் கேட்டு நின்றாள். அவனுக்கு அண்ணியின் குரல் அடையாளம் தெரியவில்லை. எத்தனை குடியைக் கெடுத்தவன், எதை ஞாபகம் வைப்பான்!

"ரவுட்டர ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்," என்றாள் அண்ணி. அவள் குரலிலும் தேன்தான்.

சும்மா விட்டிருந்தால் மதியத்துக்குள் இறங்கியிருக்கும். ஆஃப் பண்ணியதும் இறங்கியதெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அண்ணி கொஞ்ச நேரம் விட்டு அவளே கூப்பிட்டாள். "வந்துச்சா சார்? இன்னும் ஒரு தடவை பண்ணிப் பாருங்களேன்." நாத்தனார் மெல்ல ஜன்னல் திண்டில் உட்கார்ந்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"பென் டிரைவ்ல குடுத்து அனுப்புங்களேன் மேடம், புண்ணியமாப் போகும்!"

"நான் இடத்த விட்டு நகர முடியாது சார்."

பொழுது சாயும்போது தேன்குரலானே வந்து நின்றான். குட்டையான ஆள். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். "என்ன மேடம் நீங்க! ஆஃப் பண்ணா முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். உங்களுக்கும் தெரியும். அன்னிக்கு ரவுட்டர ஆஃப் பண்ணுங்க, இடத்த விட்டு நகராதீங்கன்னு எனக்குச் சொன்னீங்களே, சோப்புக் கம்பெனி வேலை?"

அவன் திருதிருவென்று விழித்தான். கதவருகே கிடந்த பழைய பெயர்ப்பலகையைப் படித்தான்; பாலிசியில் இருந்த அதே பெயர். தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நானா ஆசைப்பட்டுச் சொல்றேன்? மேலிடத்துல சொல்றாங்க மேடம். எல்லாருக்கும் அதையேதான் சொல்றோம். ஆஃப் பண்ண வச்சுட்டா கிளெய்ம் நிக்காது. ஃபைலக் குடுங்க, என் வேலை போயிடும்."

அண்ணி திரும்பினாள். நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள்.

அச்சகக்காரர் போனில் வந்தார். "மெஷின் வேற வேலைக்குப் போயாச்சும்மா. இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல."

"கேட்டுச்சா சார்?" என்றாள் அண்ணி. "நாளைக்கு வெறும் சுவத்தக் காட்டுங்க. வெள்ளை நல்லாத்தான் இருக்கும்."

அவன் போனபிறகு நாத்தனார் எழுந்து வந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த சாவியை எடுத்துத் தன் பையில் போட்டாள்.

"என் மேசை எங்க அண்ணி?"

"வாடகை கட்டக் காசில்லாம வித்துட்டேன்டி."

நாத்தனார் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துப்பட்டாவால் துடைத்தாள். அதை இழுத்து வந்து அண்ணியின் மேசையருகே போட்டாள்.

"சரி, தள்ளி உக்காருங்க."